எங்கள் ஆபீஸ் டீ

நான் போட்ட டீயை இதுவரை ஆயிரக்கணக்கானவர்கள் கையில் எடுத்திருப்பார்கள். ஒருவர் நாக்கும் அதில் நனைந்ததில்லை. அப்படி ஒரு டீ போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மும்பைக்குப் பக்கத்தில் ஐரோலியில் ஒரு சின்னக் கம்பெனி. கண்ணை மறைத்து மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டுக்குள் நடக்கிற விளையாட்டுகளைச் செய்கிறோம். அப்போது செய்துகொண்டிருந்தது ஒரு விண்கப்பல் கதை. தலைமுறை தலைமுறையாகப் பயணம் போகிறவர்கள் உடம்பைப் பெட்டிக்குள் கிடத்திவிட்டு, மனத்தால் மட்டும் ஒரு பொய் ஊரில் வாழ்கிறார்கள். அந்த ஊரின் தெரு, மரம், வானமெல்லாம் மற்றவர்கள் பொறுப்பு. தட்டு, டம்ளர், சோறு, பழம், டீ என் பொறுப்பு. வீட்டிலும் அதே வேலை, ஆபீசிலும் அதே வேலை என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன்.

பொய்ச் சோற்றுக்கு எத்தனை சட்டம் உண்டு என்பதை அங்கேதான் கற்றேன். கடிக்கக் கடிக்கப் பழம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது. முழுசு, பாதி, ஒன்றுமில்லை என்று அதற்கு மூன்றே நிலை. கீழே போட்ட தட்டு உடையாது. நாம் முகத்தைத் திருப்பியதும் தானாக மேசைக்கு வந்துவிடும். யாரும் பார்க்காதபோது பாத்திரம் என்று ஒன்று இருக்கவே இருக்காது. கழுவ வேண்டியதும் இல்லை. அந்த ஒரு சட்டத்துக்காகவே அங்கே குடி போய்விடலாம் என்று மீட்டிங்கில் சொன்னேன். ஆண்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு வேறு வாக்குவாதம் இருந்தது. பெட்டியில் கிடக்கும் உடம்புக்குக் குழாய் வழியாகச் சத்து போகிறது, பசியே கிடையாது, அப்புறம் அந்த ஊரில் எதற்குச் சாப்பாட்டுக் கடை என்று ஒருவர் கேட்டார். பசி போனால் ஆசையும் போய்விடுமா என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார். மதியம்வரை பேசினார்கள். வயிற்றில் குழாயோடு ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார்.

என் கணவருக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. அத்தனை பேருக்கும் அங்கே ஒரே டம்ளர்தான். வாய் வைத்தால் அடுத்தவன் திட்டுவான். அதனால் தண்ணீரோ டீயோ, எதையும் அண்ணாந்து ஊற்றித்தான் குடிப்பார். சூடான இஞ்சி டீயைக்கூட ஒரு சாண் உயரத்திலிருந்து சட்டையில் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிக்கொள்வார். நான் வாய் வைத்து உறிஞ்சினால், "பூன மாதிரில்லா குடிக்க" என்று கேலி செய்வார். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் நாங்கள் சேர்ந்து குடிக்கும் அந்த டீதான் எங்கள் குடும்பத்தில் ஒரே ஆடம்பரம்.

அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. கட்டி சுருங்கி, மறுபடி தலைகாட்டியது. விழுங்குவதெல்லாம் நுரையீரலுக்குப் போகிறது, வாய் வழியாக ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்றில் குழாய் போட்டார்கள். அதன் வழியாகத்தான் கஞ்சியும் மருந்தும். ஒருமுறை நான் இல்லாத நேரம் பார்த்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டார். அது நிமோனியாவில் கொண்டுபோய் விட்டது. அதற்குப் பிறகு அவர் கைக்கு எட்டும் இடத்தில் டம்ளரைக் கண்டாலே எடுத்துத் தள்ளி வைத்துவிடுவேன்.

எங்களுக்கு இருப்பது ஒரே அறை. அடுப்புக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். குடிக்க முடியாத மனிதர் முன்னால் டீ போட்டுக் குடிப்பது எனக்குப் பாவமாகப் பட்டது. டீத்தூள் டப்பாவையும் இஞ்சி தட்டுகிற கல்லையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். தாளிப்பதையும் விட்டேன். காலையில் தாணே ஸ்டேஷனில் வண்டி மாறும்போது நின்றபடி அரை டம்ளர் கட்டிங் டீ குடிப்பேன். சாயங்காலமும் அங்கேயே குடித்துவிட்டு, என் வாயிலிருந்துகூட டீ மணம் வரக்கூடாது என்று சோம்பை மென்றுகொண்டே வீட்டுக்கு வருவேன். என்னைப்போல ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்ற நினைப்பும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவரை எப்படியாவது டீ குடிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆபீசில் கேட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஹெட்செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர் தலையில் மாட்டி, பொய் ஊரின் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். அவர் பார்ப்பதை நான் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை காற்றில் டம்ளரைப் பிடித்தது. பழக்கதோஷம், தலைக்கு மேலே தூக்கி அண்ணாந்துவிட்டார். வாயைத் திறந்தபடி காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"ஏட்டி, கடக்காரன் வெறும் டம்ளரத் தந்துட்டான்" என்றார். அப்போது அவருக்குக் குரல் இருந்தது. கரகரத்த குரல்தான் என்றாலும் இருந்தது.

"வாயில வச்சுக் குடிங்க. வாய்கிட்ட வந்தாத்தான் அதுக்குத் தெரியும்."

"ஒங்க ஊர்ல எல்லாம் பூனதானா?"

அந்த உலகத்தில் குடிப்பது என்றால் இவ்வளவுதான்: முகத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பந்து இருக்கும், டம்ளரின் விளிம்பு அதைத் தொட்டால் குடித்ததாகக் கணக்கு. அந்தப் பந்தை வைத்தவளே நான்தான். பத்து வருஷம் அண்ணாந்து குடிப்பவரோடு குடித்தனம் செய்துவிட்டு, இப்படியும் ஒருவர் குடிப்பார் என்று எனக்குத் தோன்றாமல் போனது.

அடுத்த வாரம் முழுக்க அதைச் சரிசெய்தேன். அப்படி யார் குடிப்பார்கள் என்று எங்கள் டீம் லீடு இந்தியில் கேட்டார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் என்றேன். திறந்த வாய்க்கு மேலே டம்ளரைச் சாய்த்தால் மெல்லிய தாரையாக டீ விழும்படி செய்தேன். டம்ளரில் அளவு குறையும். மடக் மடக்கென்று சத்தமும் வரும்.

மறுபடி ஹெட்செட்டைக் கொண்டுவந்தேன். இந்த முறை குடித்தார். டம்ளர் காலியானதும் இன்னொன்று எடுத்தார். இங்கே எங்கள் அறையில், கட்டிலில், அவர் தொண்டை நிஜமாகவே ஏறி இறங்கியது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை எந்த இன்கிரிமெண்டிலும் வந்ததில்லை.

ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லாருக்கு. ஆவியெல்லாம் வருது. மணந்தான் இல்ல."

"மணம் அதுல வராதுங்க. எங்களால முடியாது."

"அதுல வராது, சரி. வீட்லயும் வரலியே." அடுப்பைக் கையால் காட்டினார். "நீ டீ போட்டு எவ்வளவு நாளாச்சு? குடிக்கக் கூடாதுன்னுதான டாக்டர் சொன்னாரு. மோந்து பாக்கக் கூடாதுன்னு சொல்லலியே. நாளைக்கு ஒரு டம்ளர் போட்டு எம் பக்கத்துல உக்காந்து குடி. பூன மாதிரியே குடி, ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. மணம் வந்தால் ஆசை வரும், ஆசை வந்தால் நான் அசந்த நேரத்தில் ஒரு மடக்கு உள்ளே போகும். அடுத்த மாதம் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. குரல்வளையை முழுதாக எடுக்கப் போகிறார்கள். பேச்சு போய்விடும், ஆனால் ஆறிய பிறகு வாய் வழியாகவே சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஆபரேசன் முடியட்டும். அப்புறம் நீங்களே குடிக்கலாம்லா. அன்னைக்கு ஒரு சட்டி நெறையப் போடுதேன்."

"சரி" என்றார். அவர் ஒன்றை இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் எங்களை உட்காரவைத்து எல்லாம் விளக்கினார். இனிமேல் மூச்சு கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான், மூக்கு வழியாகக் காற்று போகாது, அதனால் வாசனை தெரிவது கஷ்டம் என்றும் சொன்னார். என் காதில் அது விழுந்தது. தலையைக்கூட ஆட்டினேன். ஆனால் குரல் போகிறது என்று அழுதுகொண்டிருந்தவளுக்கு மூக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அம்பர்நாத்திலிருந்து அவருடைய தம்பி வந்து, அவரைப் பேசவைத்துப் பேசவைத்து மொபைலில் பதிவு செய்தான். அந்தக் கடைசி வாரங்களில் வீட்டில் எல்லோரும் குரலைத்தான் சேர்த்து வைத்தோம். அத்தனை நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டிருக்கலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறியது. கொஞ்சம் கொஞ்சமாக வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போய் டப்பாவையும் கல்லையும் வாங்கிவந்தேன். இஞ்சி தட்டும் சத்தம் கேட்டதும் அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பால் பொங்கியது. வாசலைக் கடந்து போன அக்கா, "டீயா போடுத? மணம் தெரு முக்கு வரைக்கும் வருது" என்று உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

அவர் கழுத்து முன்போல் வளையவில்லை. அண்ணாந்து குடிக்கப் பார்த்தார், முடியவில்லை. டம்ளரை உதட்டில் வைத்தே ஒரு மடக்கு குடித்தார். இன்னொரு மடக்கு குடித்தார். பிறகு டம்ளரை மூக்குக்கு நேராகப் பிடித்து மூச்சை இழுத்து விட்டார். கழுத்துத் துளைமேல் கட்டியிருந்த துணிதான் உள்ளே போய் வெளியே வந்தது. டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். என் கையில் இருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். தன் டம்ளரைக் கீழே வைத்து அதைச் சுட்டிக் காட்டினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, ஹெட்செட் மாட்டுவதுபோல் கண்களைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. இதுவும் ஒங்க ஆபீஸ் டீதான் என்று சிரிக்கிறார். அது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, சத்தம் இல்லையே.

கையை எடுத்துவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தார். என் மனம் நோகக் கூடாதென்று, இன்னொரு டம்ளர் ஊற்றச் சொல்லி நீட்டினார்.