அழகியநாயகியும் தீர்ந்துபோகும் பேட்டரிகளும்

அழகியநாயகி ஓய்வு பெறும்வரை ரேஷன் கடைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பாள். மூட்டையின் மேலே தெரிகிற அரிசியை நம்பமாட்டாள். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பாள். கடைக்காரர் சிரித்துச் சிரித்துப் பேசினால் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பாள். அப்படி நின்ற இடங்களில் பெரும்பாலும் ஏதாவது அகப்பட்டது. அதனால் உலகத்தைப் பற்றி அவள் வைத்திருந்த எண்ணம் மாறவேயில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் கண் அப்படியே இருந்தது. பால்காரன் நேற்றைவிட ஏன் சீக்கிரம் வந்தான், பக்கத்து வீட்டில் ஏன் திடீரென்று கதவைச் சாத்துகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே இருப்பாள். கணவர் இறந்து வருடங்களாகிவிட்டன. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயலை ஒட்டிய அந்தப் பெரிய வீட்டில் அவளும் மருமகள் ஹரிதாவும் மட்டும்தான். ஹரிதா நர்ஸிங் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி வேலையை விட்டிருந்தாள். மகன் ஆனந்தகிருஷ்ணன் மஸ்கட்டில்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் அழகியநாயகி பின்வாசலில் ஷெட் போட்டு சிப்பிக் காளான் வளர்க்க ஆரம்பித்தாள். வைக்கோலை அவித்துப் பைகளில் அடைத்துக் கட்டித் தொங்கவிட மணக்குடியிலிருந்து குளோரி வந்தாள். காளான் வெக்கை தாங்காது. அதற்காக ஆனந்தகிருஷ்ணன் விடுமுறையில் வந்தபோது ஷெட்டில் ஏசி மாட்டி, சுவரில் ஒரு தெர்மோஸ்டாட்டும் வைத்தான். உள்ளே சூடு ஏறினால் ஏசியைத் தானே ஓட்டி, குளிர்ந்தால் தானே நிறுத்துகிற உள்ளங்கையளவு கருவி. ஓடுவது டிவி ரிமோட்டில் போடுகிற மாதிரி நான்கு பேட்டரியில், பேசுவது வைஃபையில். வைஃபை ஷெட் வரை எட்டாததால் மெஷ் என்று சொல்லி இரண்டு வெள்ளைப் பெட்டிகளையும் வாங்கி வந்தான். ஒன்று ஹாலில், ஒன்று அடுக்களையில். ஒன்றின் சிக்னலை மற்றொன்று வாங்கி அப்பால் கடத்தும்.

“ஒருக்கா பேட்டரி போட்டா ஒரு வருசத்துக்குத் திரும்பிப் பாக்காண்டாம்மா” என்று சொல்லிவிட்டு மகன் விமானம் ஏறினான்.

மாதம் முடியும் முன்பே பேட்டரி தீர்ந்தது. புதிது போட்டாள். அதுவும் சில நாட்களில் தீர்ந்தது. மூன்றாவது முறை யாரும் கவனிக்காததால் ஏசி ஓடாமல் ஒரு பகல் முழுக்கக் கிடந்து, காளான் எல்லாம் ஓரம் மஞ்சளித்துச் சுருங்கிப்போயிற்று. குளோரி அதை வாரித் தென்னைக்கு அடியில் கொட்டும்போது, அழகியநாயகி காளானைப் பார்க்கவில்லை. குளோரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கடைக்காரன்மேல்தான் சந்தேகம். பழைய பேட்டரிக்குப் புது உறை போட்டுக் கொடுக்கிறானோ என்று நாகர்கோவிலுக்கே போய் வேறு கடையில் வாங்கினாள். அதுவும் தீர்ந்தது. அப்படியென்றால் கோளாறு வீட்டுக்குள்ளேதான். ஷெட்டுக்குள் போய்வருகிறவர்கள் மூன்று பேர். தன்னைக் கழித்தால் இரண்டு.

குளோரியின் கணவன் சிலுவை கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். நெற்றியில் கட்டும் டார்ச் வைத்திருக்கிறான். அதற்கும் இதே அளவு பேட்டரிதான். இதை குளோரியே ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அழகியநாயகி மறக்கவில்லை.

ஹரிதாவின் நெயில் பாலிஷை அவளுக்குத் தெரியாமல் எடுத்து, ஒவ்வொரு பேட்டரியின் அடியிலும் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். தீர்ந்த அன்றைக்குக் கழற்றிப் பார்த்தபோது நான்கிலும் பொட்டு இருந்தது. வேறொருத்தி என்றால் அத்துடன் விட்டிருப்பாள். அழகியநாயகி அன்று முழுக்க யோசித்தாள். வேலை முடிந்து போகும்போது எடுத்துக்கொண்டு போய், ராத்திரி கடலில் டார்ச்சில் போட்டு எரித்துவிட்டு, காலையில் வந்ததும் அதையே திரும்ப வைத்துவிட்டால்? பொட்டு இருக்கத்தானே செய்யும்.

மறுநாள் குளோரி வைக்கோல் அவித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

“ஏட்டி, ஒனக்க மாப்பிள டார்ச்சு இப்பம் நல்லா எரியுதா?”

“எரியுதுக்கா. என்னத்துக்குக் கேக்கிய?”

“பேட்டரி எங்க வாங்குகான்?”

குளோரி அடுப்பிலிருந்து கையை எடுத்தாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, எனக்கு ஒங்க பேட்டரி வேண்டாம். கேக்கணும்னா நேரா கேளுங்க, எடுத்தியாட்டின்னு. மாப்பிளயச் சுத்தி வளைச்சு எதுக்கு இழுக்கிய?” சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் பாதி வெந்த வைக்கோலை அப்படியே விட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

கோபப்பட்டுப் போனாளே, அதுவே அவள் எடுத்ததற்கு அடையாளம் என்று அழகியநாயகி நினைத்தாள். ஆனால் அந்த வாரமும் பேட்டரி தீர்ந்தது. குளோரி வீட்டுப் பக்கமே வராத வாரம் அது.

இப்போது மிச்சம் ஒருத்திதான்.

ஹரிதாவைக் கவனிக்க ஆரம்பித்தபோதுதான் எத்தனை விஷயம் இதுவரை கண்ணில் படாமல் இருந்தது என்று தெரிந்தது. சாப்பாடு முடிந்து தான் கண்ணயர்கிற நேரத்தில் மாடி ஓரத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தான் படியேறினால் உள்ளே பேச்சு நின்றுபோகிறது. கேட்டால், “துணி மடிச்சேன் அத்தை” என்கிறாள். துணி மடிக்க இத்தனை பேச்சா?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தெர்மோஸ்டாட்டில் பேட்டரி குறைகிறது என்று சிவப்பு விளக்கு மினுங்கியது. மகனுக்கு அன்று விடுமுறை. உடனே கூப்பிட்டாள். வழக்கமாகச் சாயங்காலம்தான் பேசுவார்கள்; அப்போது எதைப் பார்த்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும்.

“போன்ல அந்த ஆப்பைத் தொறங்கம்மா. தெர்மோஸ்டாட்டு பேருக்குக் கீழ எந்தப் பெட்டின்னு போட்டிருக்கு?”

“ஹால்னு இருக்கு மக்கா. கோடு ஒண்ணே ஒண்ணுதான் தெரியுது.”

“ஹாலா? அடுக்களைப் பெட்டி பக்கத்துல இருக்கச்செல எதுக்கு அம்பிட்டு தூரத்துல போயிப் பிடிக்கு? அதான் விஷயம். எட்டாத எடத்துக்கு எட்டி எட்டிப் பேசுகு. அறுந்துபோச்சுன்னா திரும்பத் திரும்பத் தேடும். பேட்டரி பூரா அதுலதான் தீருகு. அடுக்களைப் பெட்டி அணைஞ்சிருக்கா?”

“இல்ல, பச்சையாத்தான் காட்டுகு.”

“ஒருக்கா போயிப் பாருங்க.”

அழகியநாயகி அடுக்களைக்குப் போனாள். மிக்ஸிக்கு மேலே பிளக் பாயிண்ட் காலியாக இருந்தது. பெட்டியைக் காணோம்.

“மக்கா, பெட்டி இல்ல.”

ஆனந்தகிருஷ்ணன், “அம்மா, நான் கொஞ்சம் கழிஞ்சு கூப்பிடுகேன்” என்று அவசரமாக வைத்துவிட்டான். அந்த அவசரம் அவளுக்குத் தெரியும். மூட்டைக்குள் கையை விடும்போது எத்தனை கடைக்காரர்கள் இப்படித்தான் திடீரென்று வேறு வேலையை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

பெட்டியைக் காணவில்லை, ஆப்பில் பச்சை எரிகிறது. அப்படியென்றால் அது இந்த வீட்டுக்குள்தான் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் ஹரிதா பேசிக்கொண்டிருந்தாள். தமிழ் இல்லை. மலையாளம் இல்லை. இங்கிலீஷும் இல்லை. ஒரு ஆண்குரல் ஏதோ சொல்ல, அவள் அதையே திரும்பச் சொன்னாள். பிறகு சிரித்தாள். அழகியநாயகி கதவைத் தள்ளினாள்.

மேசைமேல் லேப்டாப். திரையில் கட்டம் கட்டமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள், மூலையில் கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார். ஜன்னல் பக்கத்துப் பிளக்கில் வெள்ளைப் பெட்டி.

“யாருட்டட்டி பேசுக? என்ன பாஷை இது?”

ஹரிதா எழுந்து நின்றாள். ஒளிக்க முயற்சி செய்யவில்லை.

“ஜெர்மன் அத்தை. கிளாஸ். அங்க நர்ஸுக்கு ஆளு எடுக்காங்க, பாஷை பாஸாகணும். இந்த ரூம்ல வீடியோ நின்னு நின்னு வருது. அதான் கிளாஸ் நேரத்துக்குப் பெட்டிய எடுத்துட்டு வருவேன். முடிஞ்சதும் கொண்டு வச்சிருவேன்.”

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும். கிளாஸ் தெரியும். பெட்டி தூக்குறது தெரியாது.”

“எனக்கு மட்டும் தெரியப்பிடாதாக்கும்?”

ஹரிதா லேப்டாப்பை மூடினாள். “சொன்னா நீங்க வாத்தியார் யாரு, கூடப் படிக்கது யாரு, எதுக்கு இப்பம், அங்க போயி என்ன பண்ணப் போறன்னு தெனம் கேப்பிய. படிக்கவே முடியாது அத்தை. பாஸானதும் சொல்லலாம்னு ரெண்டு பேருமா நெனச்சோம்.” பிறகு தயங்கி, “குளோரி அக்கா போனது இதுனாலயா?” என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அழகியநாயகி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஒளித்தது உண்மை, கண்டுபிடித்ததும் உண்மை. வேலையில் இருந்த நாட்களில் இந்த இடத்தில் நெஞ்சு நிமிரும். இப்போது நிமிரவில்லை. பெற்ற மகனும் அவன் பெண்டாட்டியும் தன்னிடம் சொல்லப் பயந்துகொண்டு சேர்ந்து ஒளிக்கிறார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

“போறதா முடிவு பண்ணியாச்சா?” என்றாள்.

“ஆமா அத்தை. ரெண்டு பேரும்.”

மறுநாள் காலையில் அழகியநாயகியே மாடி மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாக அதைக் கீழே இறக்கி, அடுக்களைக்கு அடுத்த அறையில் போட்டார்கள். இனி பெட்டி அடுக்களையிலிருந்து நகரவேண்டியதில்லை. அன்று மத்தியானம் ஆப்பைத் திறந்து பார்த்தபோதும் தெர்மோஸ்டாட் அடுக்களைப் பெட்டியையே பிடித்திருந்தது; கோடுகள் நிறைந்திருந்தன.

பிறகு பஸ் ஏறி மணக்குடிக்குப் போனாள். குளோரி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வாருங்கள் என்று சொல்லவில்லை.

“குளோரி, நீ எடுக்கல்லட்டி. எம்மேல தப்பு.”

“பெறவு யாரு எடுத்தாவ?”

“யாரும் எடுக்கல்ல. அதுவாத் தீந்திருக்கு. சிக்னல் கெடைக்காமத் தேடித் தேடி...”

குளோரி கத்தியை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அதுவாத் தீருமா? மருமவ எடுத்தத மறைக்கியளோ?”

இப்படியொரு பார்வை அழகியநாயகிமேல் விழுவது அதுதான் முதல் தடவை. பெட்டி, மாடி, ஜெர்மன் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லவேண்டியிருந்தது. சொல்லும்போதே தன் பேச்சு தனக்கே பொய்போலக் கேட்டது. குளோரி கடைசிவரை கேட்டாள். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை.

இரண்டு வாரம் அவள் வரவில்லை. பிறகு ஹரிதா தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று அழகியநாயகி கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை குளோரி வந்து வைக்கோல் பானையை அடுப்பில் ஏற்றினாள். முன்போல அரட்டை இல்லை. வேலை முடிந்து புறப்படும்போது மட்டும் பையைத் தானே திறந்து, “பாத்துக்கிடுங்க” என்று காட்டினாள். ஒவ்வொரு நாளும் காட்டினாள். வேண்டாம் என்று அழகியநாயகி பல தடவை சொல்லியும் நிறுத்த வெகுநாள் ஆயிற்று.

பேட்டரி இப்போது மாதக்கணக்கில் நிற்கிறது. ஹரிதா முதல் பரீட்சையில் தேறிவிட்டாள். அங்கே போய் நிலைத்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக ஆனந்தகிருஷ்ணன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்கிறான். அழகியநாயகி போனைக் காதோடு வைத்து, அவன் குரல் எந்த இடத்தில் இறங்குகிறது, எந்த இடத்தில் அவசரப்படுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். “சரி மக்கா” என்று மட்டும் சொல்கிறாள்.