நாலரை விநாடி ‘அம்மா’

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த அக்காவுக்குப் ‘பொடியன்’ என்று பெயர். வயது நாற்பத்தெட்டு, மூக்குக் கண்ணாடி, ஓயாத முழங்கால் வலி. மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தால் மட்டும் எட்டு வயதுப் பையன் பேசுவான். பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதினோரு வருடமாகக் கேட்கிறேன், இன்னும் நம்ப முடியவில்லை.

அந்தப் பையன் மேகம் மேய்ப்பவன். குடும்பத்தோடு பார்க்கும் அனிமேஷன் படங்களில் வருபவன். இந்த வகைப் படங்களே எனக்கு ஆகாது. யார் எடுத்தாலும் கடைசியில் யாராவது யாரையாவது விட்டுவிட்டுப் போவார்கள். குழந்தைகள் பாட்டுக்குப் பாப்கார்ன் தின்னும், பெற்றவர்கள் இருட்டில் மூக்கைச் சிந்துவார்கள். டப்பிங் குரல்களைப் பதிவு செய்கிற நான் அதையே நூறு தடவை பார்த்தாக வேண்டும்.

முதல் படத்தில் அக்கா கூட்டக் குரல் கொடுக்க வந்தவர். சந்தை இரைச்சல், கைக்குழந்தை அழுகை, கதவுக்குப் பின்னால் இருமுகிற ஆள், எல்லாம் அவர்தான். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் எட்டு வயது மகனையும் கூட்டி வருவார். ஒருநாள் மைக் திறந்திருப்பது தெரியாமல் அவன், “அம்மா, எப்பம்மா வீட்டுக்குப் போவோம்?” என்று சிணுங்கினான். ஹெட்போனில் கேட்ட டப்பிங் டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மேகம் மேய்ப்பவன் கிடைத்துவிட்டான்.

இரண்டாம் படம் வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. பாதி வேலை முடிந்த நிலையில், ஒரு திங்கட்கிழமை தகர டப்பாவைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு குரலோடு வந்து நின்றான். குரல் உடைந்துவிட்டது. படம் வெளியாகப் பத்து நாள். எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். அக்கா மகன் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

“மிச்சத்த நான் பேசுறேன். எம்புள்ள எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியாதா?”

பேசினார். எது பிள்ளை, எது தாய் என்று பதிவு செய்த எனக்கே பிடிபடவில்லை. கம்பெனி அதை வெளியே சொல்லவில்லை. படத்தின் கடைசியில் மகன் பெயர்தான் ஓடியது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் ‘பாப்பா குரல்’ என்று ஓட்டி எடுத்ததில் அவன், இனி இந்தக் கூடத்து வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். சொன்னபடியே இருந்தான். பிறகு வந்த தொலைக்காட்சித் தொடர் முழுக்க அக்காவே பொடியன். பதினோரு வருடம்.

இப்போது மூன்றாம் படம். இதில் பையன் வளர்ந்து வீட்டை விட்டுக் கிளம்புகிறான். குன்றின் உச்சியில் நின்று “அம்மா!” என்று நீளமாகக் கூப்பிடுவான். கேமரா அவனைச் சுற்றி வரும். முகத்துக்குத் திரும்பும்போது அவனுக்குப் பதினெட்டு வயது, தோளில் பை. ஒரே கூப்பாடு, நாலரை விநாடி. குழந்தையாகத் தொடங்கி ஆம்பளையாக முடிய வேண்டும்.

படக் கம்பெனி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: “ரெண்டும் ஒரே ஆள் மாதிரி கேக்கணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வரலன்னா, சின்னவன் பெரியவன் ரெண்டு பேருக்கும் வேற ஸ்டுடியோல புதுசா ஆள் போட்டுக்கறோம்.”

அதாவது அக்கா பேசி முடித்த அத்தனையும் குப்பைக்கு.

பதினொரு இளைஞர்களைப் பேச வைத்தோம். ஒருவன் செய்தி வாசித்தான். ஒருவன் அம்மாவையே காதலியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான். நல்ல குரல்களும் இருந்தன, ஆனால் அக்கா குரலோடு ஒட்டவில்லை. நான் புத்திசாலித்தனமாக அக்கா குரலையே கணினியில் தடிமனாக்கிப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்த எருமை கத்தியது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “உங்க பையனையே கூப்பிட்டா என்னக்கா?” என்று கேட்டேன்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “நீ சும்மா இரு தம்பி. வீட்ல மீசை வச்சுட்டுத் திரியறான். இங்க மட்டுந்தான் அவன எட்டு வயசுலயே வச்சிருக்கேன். அவன் வந்தா இதையும் எடுத்துட்டுப் போயிடுவான்.”

பத்து நிமிடம் மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். பிறகு அவரே போனை எடுத்தார்.

மகன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். சாப்பாட்டு நேரத்தில், கிரீஸ் கறை படிந்த சீருடையோடு வந்தான். “ஒரு தடவைதான். ரெண்டு மணிக்குப் போகணும், ஒரு லிஃப்ட் பாதில நிக்குது.” என் முகத்தைப் பார்த்து, “உள்ள ஆள் இல்லண்ணே,” என்றான்.

வழக்கப்படி தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டினேன். குரல் சாயல் ஒன்றுதான், மூச்சு வேறாக இருந்தது. இடையில் ஒரு தையல் தெரிந்தது. அக்கா கேட்டுவிட்டு, “ஒட்டுப் போடற வேல வேணாம். ஒரே மைக்ல ரெண்டு பேரும் நிக்கறோம்,” என்றார். இந்தத் தொழிலில் யாரும் இப்படிச் செய்வதில்லை. மகன் ஒரு தலை உயரம் என்பதால் அக்காவுக்குப் பலகை போட்டுக் கொடுத்தேன்.

முதல் தடவை, கேமரா திரும்பிய பிறகும் அக்கா நிறுத்தவில்லை. மகன் குரல் மேல் ஏறி மிதித்துக்கொண்டு கடைசிவரை போனார். இரண்டாம் தடவையும் அதே.

“மூச்சு நிக்க மாட்டேங்குதுப்பா.”

“மூச்சுக்கென்ன, நீங்கதான் விட மாட்டேங்கறீங்க,” என்றேன். முறைத்தார். மூன்றாம் தடவை கோபத்தில் பாதியிலேயே பட்டென்று நிறுத்தினார். நடுவில் பள்ளம். மணி ஒன்று ஐம்பது.

மகன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பி நின்றான்.

“எங்கயும் போயிட மாட்டேன்மா. நீ பட்டுன்னு நிறுத்தாத. மெதுவா விடு, நான் பிடிச்சுக்கறேன்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார். தலையசைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

“அம்மா...” எட்டு வயதுப் பையன் குன்றின் மேலிருந்து கூப்பிட்டான். கேமரா அவன் பிடரிப் பக்கம் போனது. அக்கா மகன் வாயையே பார்த்தபடி குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்தார். அடியிலிருந்து இன்னொரு குரல் எழுந்து அதைத் தாங்கிக்கொண்டு மேலே போனது. அவர் உதடு மூடியதைக் கண்ணால் பார்த்தேன், காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம். ஆமாம், நான்தான்.

லிஃப்டை மறந்து மகனும் அங்கேயே இருந்தான். மூன்று மணிக்கு மேடம் வந்தார். குரல் மாறும் இடத்தில் கோடு போடுகிறேன் என்று பென்சிலோடு உட்கார்ந்தார். ஏழு முறை கேட்டார். “இங்கயா?” என்றார். இல்லை என்றேன். “அப்போ இங்க?” அங்கேயும் இல்லை. பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, ஏசி காற்று கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

“வேற யாரும் வேணாம். இதுதான் படத்துல வரும். ரெண்டு பேர் பேரும் போடுவோம்.”

எழுந்து நின்று கை தட்டினேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவை. மகன் வெட்கப்பட்டு நெளிந்தான். அக்கா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியிலிருந்து எழுந்து, முழங்காலை நீவிக்கொண்டு, நேராக மேடத்திடம் வந்தார்.

“பெரியவன இவன் பாத்துக்கட்டும் மேடம். அடுத்த பாகத்துல அந்தப் பெரியவனுக்குக் கல்யாணமாகி ஒரு புள்ள பொறக்கும்ல? அந்தப் புள்ளைக்கு நாந்தான் பேசுவேன். இப்பவே எழுதி வச்சுக்குங்க.”