பதினைந்து நாள் கழித்து அதே கேள்வி

ஒரே கேள்வியை ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்பதுதான் என் உத்தியோகம். ஒரு வாரத்தில் எவ்வளவு நடக்கிறீர்கள், எவ்வளவு சுமக்கிறீர்கள் என்று கேட்கும் ஆங்கிலப் படிவத்தைப் பாரசீக மொழியில் பெயர்த்திருக்கிறார்கள். துபாயில் அந்த மொழி பேசுகிறவர்களிடம் கொடுத்து, பதினைந்து நாள் கழித்து மறுபடி நிரப்பச் சொல்வோம். பதில்கள் ஒத்துப்போனால் படிவம் பாஸ். கான்வென்ட்டில் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் பதில் பொய் என்று கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். இப்போது கேட்பவள் நானே என்றாலும் அந்த நடுக்கம் போகவில்லை. படிவத்தோடு படியேறியவர்களுக்கு இது புரியும்.

ரொட்டிக் கடை

இரானி ரொட்டிக் கடை ஹசன் பாய் விடிகாலையிலிருந்து அடுப்பு முன்னால் நின்று மாவைத் தட்டுகிறவர். 'மூச்சு வாங்கவைக்கும் வேலை' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். பதினைந்து நாள் கழித்தும் 'இல்லை'. நெற்றி வியர்வை படிவத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. இது என்ன என்று அரைகுறை இந்தியில் கேட்டேன்.

"இது வேலை, சிஸ்டர். நீங்க கேக்கிறது எக்சர்சைஸ். அதுக்குத் தனி ஷூ வேணும்."

என் படிவம்

நிரப்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்க, எங்கள் ஆய்வுக் குழுத் தலைவி ஷிரின் என்னையும் ஆங்கிலப் படிவத்தை நிரப்பச் சொன்னார். கடைசி வரி: நீங்கள் போனை எடுக்காவிட்டால் யாரை அழைப்பது? கணவரின் நம்பரை எழுதினேன். அவருக்கு கத்தாரில், ராஸ் லஃபானில் வேலை. துபாயில், கராமா பகுதி ஃப்ளாட்டில் நானும் ஏழு மாதக் குழந்தையும்தான். கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர்களே, நீங்கள் எப்படிக் குளிக்கிறீர்கள்? வாசல் கதவைப் பூட்டினால், நான் வழுக்கி விழுந்தால் குழந்தையிடம் யார் வருவார்கள் என்று பயம். பூட்டாவிட்டால், யார் வந்துவிடுவார்களோ என்று பயம். பூட்டாமல்தான் குளிக்கிறேன், ஐந்து நிமிஷத்தில்.

ஷிரின் அந்த வரியில் விரல் வைத்தார். "இவர் வேறு நாட்டில் இருக்கிறாரே. உள்ளூரில் ஒருத்தர்கூடவா இல்லை?"

மூன்றாம் மாடி

எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் மாஹின் ஆன்ட்டி. கணவர் இல்லை, மகன் கனடாவில். ஒரு வருஷமாக ஒரே லிஃப்ட்டில் போய்வந்தும், படிவம் நீட்டிய அன்றுதான் பேர் தெரிந்தது. நடப்பது வாரத்தில் ஒரு நாள் என்று எழுதியவர், இரண்டாம் முறை ஏழு நாள் என்றார். கேள்வியில்தான் கோளாறோ என்று பயந்து காரணம் கேட்டேன். துபாயில் பழகிய இந்தியில் சொன்னார்:

"மறுபடி வரேன்னு சொல்லிட்டுப் போனியே, என்னிக்குன்னு சொல்லலை. தினமும் கீழே இறங்கி, நீ வரியான்னு பார்த்துக்கிட்டே கட்டடத்தைச் சுத்தி நடக்கிறேன்."

சாவி

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டின் இன்னொரு சாவியோடு மூன்றாம் மாடிக்குப் போனேன். காலையில் குளித்து முடித்ததும் போன் செய்வேன், எட்டு மணிக்குள் போன் வராவிட்டால் கதவைத் திறந்து வந்துவிடுங்கள் என்றேன். அவர் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு, என்னை மாதிரியே பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வாரத்துல எத்தனை நாள்? ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிஷம்?"

பதில்கள் ஒத்துப்போகவில்லை என்று மாஹின் ஆன்ட்டியை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் அவரை என் படிவத்தின் கடைசி வரியில் சேர்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பத்து நிமிஷம் குளிக்கிறேன்.