பிப்ரவரியில் நீந்திப் போன தம்பி

கடலோர ஊரான சாரண்டாவில் பிறந்து பெயரெடுத்தவர்களைப் பற்றி யாரோ புத்தகம் போட்டிருக்கிறார். பாடகி, தளபதி, கண் டாக்டர், கால்பந்தாட்டக்காரர்கள் என்று அல்பேனியா முழுக்கத் தெரிந்த முகங்கள். ஒலிம்பி அதில் இல்லை. தேசிய நீச்சல் போட்டிகளில் அவளை முந்த ஆளில்லாத காலம் ஒன்று இருந்தது. பிறகு அரசாங்கமே அவள் பெயரை எல்லா இடத்திலிருந்தும் சுரண்டி எடுத்துவிட்டது. புத்தகம் போட்டவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு அவளைத் தெரியும். அரசுக்கு ஆகாத குடும்பங்களை அடைத்துவைக்கும் லுஷ்னியா பக்கத்துச் சதுப்பு முகாமில் ஒரே பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். என் தாத்தா ஒரு காலத்தில் கடை வைத்திருந்தார், கம்யூனிஸ்ட் ஆட்சியில் அதுவே குற்றம்; அதனால் நான் பிறந்ததே அங்கேதான். அவள் வந்தது நாட்டைவிட்டு ஓடிய தம்பியால்.

தம்பி பீலோவுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவள் ஒலிம்பிதான். எண்பத்து நான்கு பிப்ரவரியில், நல்ல மழை நாளாகப் பார்த்து, அவன் க்சாமில் என்ற கிராமத்துக் கரையிலிருந்து கடலில் இறங்கிவிட்டான். எதிரே தெரிவது கோர்ஃபு தீவு, கிரேக்க நாடு. கோடையில் காவல் படகுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீரில் எவனும் இறங்கமாட்டான் என்று காவல் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அவன் நம்பியது அதைத்தான்.

காலையில் ஒலிம்பியைக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். அவனுக்கு நீந்தச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான்தான், தம்பிக்கு அக்கா சொல்லித்தராமல் வேறு யார் சொல்லித்தருவார்கள் என்றாளாம். அந்த வாரமே, அவளுக்கு நிச்சயமாகியிருந்த பையன் வீட்டார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாயையும் மகளையும் லாரியில் ஏற்றினார்கள்.

லாரி நிறைய மெத்தையும் பாத்திரமுமாக அவர்கள் வந்து இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகாமுக்கு வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்கள். அவள் அம்மா எஃப்தாலி மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல இறங்கினாள். என் அம்மாவின் காதருகே வந்து சொன்னாள்: "செத்திருந்தா பொணத்தக் கொண்டாந்து சந்தையில போட்டு ஊருக்கே காட்டியிருப்பானுங்க. நம்மள இங்க அனுப்பிட்டாங்கன்னா என்ன அர்த்தம்? எம் புள்ள போய்ச் சேந்துட்டான்."

அந்த நம்பிக்கையில்தான் கிழவி உயிரோடு இருந்தாள். காலையிலும் மாலையிலும் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும்போது, மற்றவர்கள் தலை குனிந்து நிற்க, அவள் நிமிர்ந்து பதில் சொல்வாள். சோள ரொட்டியைப் பிய்க்கும்போது பீலோ இந்நேரம் என்ன சாப்பிடுவான் என்று ஆரம்பித்துவிடுவாள். அவனுக்கு அங்கே பெண் பார்த்து, கட்டிவைத்து, பிள்ளைகளுக்குப் பெயரும் வைத்துவிட்டாள். ஒலிம்பி கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஜனவரியில் வடிகால் மதகு அடைத்துக்கொண்டது. வயலெல்லாம் தண்ணீர். எங்கள் வேலைக்குழுத் தலைவன் ராப்போ, ஒலிம்பியைக் கூப்பிட்டான்.

"என்ன சாம்பியன், எறங்கு. ஆனா ஒண்ணு, கோர்ஃபு இந்தப் பக்கம் இல்ல."

நாலு பேர் சிரித்தார்கள். அவள் மேலங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அந்தச் சேற்றுத் தண்ணீருக்குள் முங்கினாள். அவள் நீந்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதையும் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, தண்ணீர் அத்தனை கறுப்பு. வெகுநேரம் ஆளைக் காணோம். கரையில் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் ஒரு மரக்கிளையை இழுத்துக்கொண்டு மேலே வந்தாள். கால் நிற்கவில்லை. குடிசைக்குத் தூக்கிக்கொண்டு போய் நான்தான் சாராயம் தேய்த்துவிட்டேன். பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. அது தளர்ந்ததும் சொன்னாள்:

"கால் ரெண்டும் கட்டையாயிடுது, தெரியுமா? இந்தக் குளிர்ல அவ்ளோ தூரம் யாராலயும் முடியாது. என்னாலயே முடியாது."

"அம்மாகிட்ட சொல்லுவீங்களாக்கா?"

"அவளுக்குன்னு வேற என்னடி இருக்கு?"

ஆட்சி ஆட்டங்கண்டு, தொண்ணூற்றொன்றில் எங்களை விட்டார்கள். எல்லை திறந்தது. சாரண்டாவில் அவர்கள் வீட்டில் வேறு குடும்பம் குடியிருந்ததால், யாரோ ஒதுக்கிக்கொடுத்த ஒற்றை அறையில் அம்மாவை விட்டுவிட்டு ஒலிம்பி கோர்ஃபுவுக்குப் படகேறினாள். பீலோவுக்குப் போடக் கம்பளிச் சட்டை ஒன்று பின்னிக் கொடுத்தனுப்பியிருந்தாள் எஃப்தாலி.

கரையோர ஊர்களில் ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஓர் ஊரில் மீனவர் மனைவி ஒருத்தி, உட்கார் என்று நாற்காலி போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். அந்த வருடம் பிப்ரவரியில் ஒரு பையனைக் கடல் கொண்டுவந்து போட்டதாம். குண்டுக் காயம் எதுவும் இல்லை. செருப்பைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். முன்பல்லில் வெள்ளி. ஒலிம்பி அதற்கு மேல் கேட்கவில்லை. கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். மரச் சிலுவையில் பெயர் இல்லை.

திரும்பி வந்தவளிடம் கிழவி முதலில் கேட்டது, கல்யாணம் ஆகிவிட்டதா என்று. ஒலிம்பி சட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி அழவில்லை. பாதிரியார் வந்து ஜெபம் சொல்லித்தான் புதைத்தார்களா என்று விசாரித்தாள். ஆமாம் என்றாள் மகள். கிழவி சட்டையை எடுத்து மடித்தபடி கேட்டாள்:

"அப்போ செத்துப்போனவனுக்காகவாடி நம்மள அங்க வெச்சிருந்தாங்க?"

அதற்குப் பிறகு அவளைச் சாப்பிட வைக்க முடியவில்லை. அடுத்த ஈஸ்டர் வரை தாங்கவில்லை.

ஒலிம்பி இப்போது கோர்ஃபுவில் ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைக்குப் போவாள். சிலுவையில் தம்பி பெயரை எழுத வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். ஆதாரம் கொண்டுவரச் சொல்கிறார்கள். நம் ஊர்க் காகிதத்தில் அவன் செத்தவனே இல்லை. தப்பியோடி வெளிநாட்டில் வாழ்கிறவன். தலைநகர் திரானாவுக்கு எத்தனையோ மனு அனுப்பியும் அதை மாற்றுவாரில்லை.

போன வருடம் பார்க்கப் போனேன். காப்பி போட்டுக் கொடுத்தாள். வயதாகிவிட்டது, தோள் மட்டும் இன்னும் அகலமாக இருந்தது. கிளம்பும்போது படகுத்துறை வரை வந்தாள்.

"திரானாவுல, மந்திரி ஆபீஸ்ல, உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாடி?"

எனக்கு அங்கே யாரையும் தெரியாது. தெரியாதுக்கா என்றேன். சரி, பார்த்துப் போ என்றாள்.