கறுப்பு அவரை விதை

என் குளிர்ச் சட்டையின் உட்பையில் ஒரு கறுப்பு அவரை விதை கிடக்கிறது. சட்டைகள் பழசாகி மாறிவிட்டன. விதை மட்டும் பழையதிலிருந்து புதியதற்குக் குடிபெயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. துவைக்கப் போடுமுன் பைகளைத் துழாவும் மனைவி அதை எடுத்து அலுமாரி மேல் வைப்பாள். "முளைக்கவும் மாட்டுது, கறி வைக்கவும் ஏலாது. இதைக் கட்டிக்கொண்டு திரியுறியள்" என்பாள். நான் பதில் சொல்வதில்லை. பொதுவாகவே நான் பதில் சொல்லாத ஆள்.

மொன்றியலில், பார்க் எக்ஸ் பகுதியில் இருந்த ஒரு சிறிய கிரேக்க உணவகத்தின் குசினியில் பல வருடங்கள் வேலை செய்தேன். முதலாளியும் தலைமைச் சமையல்காரரும் ஒருவரே. இளம் வயதில் கிரேக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாவை நாங்கள் மதாம் என்று அழைத்தோம். அவர் வந்த காலத்தில் அவருடைய நாட்டை இராணுவம் ஆண்டதாம். வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியிருந்ததாம். அதற்கெல்லாம் சேர்த்துத்தானோ என்னவோ, இங்கே அவர் குரல் குசினியிலிருந்து தெருவரைக்கும் கேட்கும். பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசுவார். எனக்கு விளங்கியதெல்லாம் எப்படியோ எங்கள் தமிழாகவே மனதில் தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அந்த உணவகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமைகளில் மத்தியான வியாபாரம் முடிந்ததும் கதவுப் பலகையைத் திருப்பிவிட்டு எல்லோரும் ஒரு மேசையில் உட்காருவோம். மதாம், பாத்திரம் கழுவும் அண்ணை, மேசைகளுக்குப் பரிமாறும் கியூபெக் பெண், காய்கறி வெட்டும் நான். நடுவில் ஒரு மண்பானை. அதற்குள் மதாம் தக்காளிக் குழம்பில் வேகவைக்கும் பெரிய வெள்ளை அவரை விதைகளில் கொஞ்சம், வேகவைக்காமல். அவற்றோடு ஒரேயொரு கறுப்பு விதை. கறுப்பு வரும்வரை பார்க்காமல் கைவிட்டு ஆளுக்கொன்றாக எடுப்போம். யார் கைக்கு அது வருகிறதோ அவர்தான் அன்றைக்குத் தலைவர்; தலைமைக் கதிரையில் இருக்க வேண்டும். மதாம் வாய் திறப்பதானாலும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். தீபாவளிக்கும் ஈஸ்டருக்கும் யார் லீவில் போவது, எந்தச் சாப்பாட்டை நிறுத்துவது என்று எல்லாவற்றையும் கை உயர்த்தித் தீர்மானிப்போம்.

"எங்கட பழைய நகரத்தில செருப்புத் தைக்கிறவன், மீன் விக்கிறவன் எல்லாரும் இப்பிடிக் குலுக்கலில வந்து ஒரு நாள் ஊருக்குத் தலைவனா இருந்தவங்கள். ராசா எண்டு ஒருத்தன் இல்லை. ஊர்தான் ராசா" என்றார் மதாம் ஒருநாள்.

"பெண்கள்?" என்று கேட்டாள் பரிமாறும் பெண்.

மதாம் மேசையில் அடித்துச் சிரித்தார். "பொம்பிளையள் இல்லை. அடிமையள் இல்லை. வேற ஊரால வந்து குடியிருந்த ஆக்களும் இல்லை. இந்த மேசையில இருக்கிற ஒருத்தரையும் அவங்கள் உள்ளுக்கு விட்டிருக்கமாட்டாங்கள். அதுதான் இஞ்ச நான் நடத்துறன்."

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பழைய கிரேக்கம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மேசையில் கேட்டதுதான். சண்டை நடந்த எங்கள் ஊரில் வாக்குப்போடும் வயது வந்தபோது, தேர்தல் நாளில் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பதே புத்தி என்றிருந்தது. இங்கே அப்போது எனக்குக் குடியுரிமை கிடைத்திருக்கவில்லை. ஆகவே ஒரு விடயத்தைத் தீர்மானிக்க நான் முதன்முதலாகக் கை உயர்த்தியது அந்த மேசையில்தான். ஆனால் உயர்த்திய கை என்னுடையதா என்பது வேறு கேள்வி. மதாமின் கை எழும்பினால் என் கையும் எழும்பும்; அவர் கை கிடந்தால் என்னுடையதும் கிடக்கும். அண்ணையும் அப்படித்தான். "சோறு போடுற கை எழும்பேக்க, தின்னுற கை சும்மா கிடக்கிறதோ தம்பி?" என்பார்.

மதாம் இதைக் கவனித்திருக்கிறார். ஒரு திங்கட்கிழமை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "இனிமேல் கோப்பிக்குச் சீனிக்குப் பதிலா உப்புப் போடுவம். ஆர் சம்மதம்?" என்று கையை உயர்த்தினார். அண்ணையும் நானும் உயர்த்தினோம். பரிமாறும் பெண் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப்பார்த்தாள். மதாமும் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கி என்னைப் பார்த்தார். "உன்ர கண் என்ர கையில கிடக்கு. அதை எடுத்து உன்ர கையில வை" என்றார். அன்று முதல் எல்லோரும் உயர்த்திய பின்பே அவர் கையை உயர்த்துவார். அதனால் எனக்குச் சங்கடம்தான் கூடியது. அண்ணையின் கையைப் பார்க்கத் தொடங்கினேன்.

பிறகு ஒரு கோடை வந்தது. மதாமின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அடுப்பில் வைத்ததை மறந்து பின்வாசலில் போய் நிற்பார். ஒருநாள் பொரிக்கிற எண்ணெய்த் தாச்சி தீப்பிடித்தது. அண்ணை ஓடிவந்து மூடியால் மூடினார். அவருடைய முன்கை வெந்துபோயிற்று. மதாம் அவருடைய கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தபடி ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்றதை நான் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பானைக்குள் கைவிட்டேன். கறுப்பு எனக்கு வந்தது. முன்பும் ஒன்றிரண்டு தடவை வந்திருக்கிறது. அவசரமாக நடத்தி முடித்துவிடுவேன். அன்று மதாம் என்னிடம் அனுமதி கேட்டு எழுந்து நின்றார். "இண்டைக்கு ஒரே ஒரு விசயம். நான் இனி அடுப்படியில நிக்கலாமோ, கூடாதோ? என்ர வழக்கில எனக்குக் கை இல்லை. நீங்கள் மூண்டு பேரும் சொல்லுங்கோ" என்றார்.

கையில் கட்டோடு இருந்த அண்ணை முதலில் கத்தினார். "என்ன விசர்க் கதை இது? அவ நிக்கத்தான் வேணும். இது எனக்குத் தற்செயலாப் பட்டது." கட்டுப்போட்ட கையையே உயர்த்தினார். பரிமாறும் பெண் அழுதுகொண்டே, வேண்டாம், மதாம் நிறுத்த வேண்டும் என்றாள். தலைமைக் கதிரையில் இருப்பவர் கடைசியில் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் மதாம் ஒரு கதை சொல்லியிருந்தார். எல்லோரையும் கேள்வி கேட்டுத் திரிந்த ஒரு கிழவரை அதே நகரம் கூடி, வாக்கெடுத்து, நஞ்சு கொடுத்துக் கொன்றதாம். நண்பர்கள் தப்பவைக்க வந்தும் அவர் ஓடவில்லையாம். "ஊரும் பிழைவிடும்" என்று முடித்தார். அந்த நேரத்தில் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. அடுப்புத்தான் அந்த மனுசியின் உயிர் என்பது எனக்குத் தெரியும். அடுத்த தடவை தாச்சி தீப்பிடிக்கும்போது அண்ணை பக்கத்தில் இல்லாமல் போகலாம் என்பதும் தெரியும். மதாமின் கையைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே வைத்திருந்தார். பார்க்க எதுவும் இல்லை.

"மதாம் நிக்கக்கூடாது" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"உனக்கென்னடா விசரே? உப்புத் திண்ட வீடடா!" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை. அதாலதான்" என்றேன்.

பிறகு மதாம் இடுப்பில் கட்டியிருந்த சமையல் ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். விரல் நடுங்கியது. அண்ணைதான் எழுந்துபோய், கட்டுப்போடாத கையால் அவிழ்த்துவிட்டார். மதாம் அதை மடித்து மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நஞ்சு வேண்டாம். கோப்பி போடு. உப்புப் போட்டிடாதை." பிறகு என் உள்ளங்கையிலிருந்த கறுப்பு விதையை எடுக்காமல், என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மூடிவிட்டார்.

பிறகு மதாம் தன் மகளோடு நகரத்தின் ஓரத்தில், இல்-பிசார் தீவில் இருந்த காலத்தில் போய்ப் பார்ப்பேன். பஸ் குறைந்த இடம். போய்வர ஒரு நாள் வேண்டும். பெயர்களை மறந்துகொண்டே வந்தார். என்னை "தலைவர்" என்று கூப்பிடுவார். என் பெயரை மறந்துபோய் அப்படிச் சொன்னாரா, நினைவில் வைத்துச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. பிறகு ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். உணவகம் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். நான் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் பெரிய குசினியில் வேலை செய்கிறேன். அங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. சுவரில் அறிவித்தல் ஒட்டுவார்கள். நாங்கள் வாசித்துவிட்டுப் போவோம்.

சென்ற மாநகரத் தேர்தலுக்கு அண்ணைதான் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் இப்போது கார்ட்டியர்வில்லில் இருக்கிறார். "ஆருக்கடா போடப்போறாய்?" என்றார். சொல்லமாட்டேன் என்றேன். "தலைவருக்கு வாய் வந்திட்டுது" என்று சிரித்தார். பள்ளிக்கூட மண்டபத்தில், அட்டை மறைப்புக்குப் பின்னால் வாக்குச்சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். பழைய பழக்கம், கண் பக்கவாட்டில் ஒரு கையைத் தேடிற்று. அங்கே அட்டைதான் இருந்தது. சட்டையின் உட்பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். விதை இருந்தது. அதைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் கையைப் பார்த்தேன். பென்சிலை எடுத்தேன்.