காயாத வார்னிஷ்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். மூன்றாம் ஆண்டில் எங்கள் பட்டப்படிப்பில் புதிதாக ஒரு தாள் சேர்ந்தது: மோட்டார் காயில் கட்டுதல், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் செம்புக்கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது. பட்டத்தோடு கைவேலையும் தெரிந்தால்தான் வேலை கிடைக்கும் என்றார் துறைத்தலைவர். சுற்றிலும் கிணறும் பம்புசெட்டுமான ஊர். எரிந்துபோன மோட்டாருக்குப் பஞ்சமில்லை.

மேசைக்கு ஒரு மோட்டார், இரண்டு பேர். என் ஜோடி ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். பூக்கட்டிப் பழகிய விரல்கள். நான் எதையும் வரிசை போட்டு எழுதிவைத்துத்தான் தொடங்குவேன்: பழைய சுற்றை எண்ணு, வெட்டி எடு, துடை, மின்காப்புத் தாள் வை.

"நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் கட்டியே முடிச்சிருவேன் புள்ள" என்பாள். முடித்தும்விடுவாள்.

கார்த்திகையில் கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வந்து ஒருத்தியைப் பயிற்சிக்கு எடுப்பார் என்றார்கள். பயிற்சி முடிந்தால் வேலை. எங்கள் இருவருக்குமே அது வேண்டும். அதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அவர் வரவேண்டிய வாரம் முழுக்க மழை. சுருளுக்குப் பூசிய வார்னிஷ் காயவில்லை. மின்கசிவு பார்க்கும் மெக்கரின் கைப்பிடியைச் சுற்றினால், நல்ல மோட்டாரில் மேலே ஏறவேண்டிய முள் பூஜ்யத்தின் பக்கத்திலேயே கிடந்தது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. வரவேண்டிய விடையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் அளவுகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நோட்டில் நிரப்புவோம். அப்படித்தான் முழு மதிப்பெண் வாங்கிவந்தோம். நான் நல்ல மோட்டாருக்குரிய அளவை எழுதினேன். அவள் முள் காட்டியதை எழுதினாள்.

கம்பெனியிலிருந்து வந்தவர் எங்கள் இரண்டு நோட்டையும் அருகருகே வைத்தார்.

"ஏனுங்கம்மா, ரெண்டு பேருக்கும் மோட்டாரு ஒண்ணுதானுங்களே?"

"வார்னிஷ் காயல சார். ரெண்டு நாள் வெயில் கண்டா ஏறிரும்" என்றாள் அவள்.

அவள் பெயரை முதலில் எழுதினார். என் வேலை வரிசைகளைப் புரட்டிப் பார்த்து என் பெயரை இரண்டாவதாகப் போட்டார்.

வெளியூர் விடுதிக்கு அனுப்ப அவள் வீட்டில் சம்மதிக்கவில்லை. அடுத்த பெயர் என்னுடையது.

படிப்பு முடிந்து நான் கோயம்புத்தூர் கிளம்பிய அன்று அவள் பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தாள். நான் எடுத்துப்போகும் சாமான்களின் பட்டியலை வாங்கிப் படித்தாள்.

"இம்புட்டும் எழுதிட்டு, பொட்டிக்குப் பூட்டை விட்டுட்டியே. திண்டுக்கல்காரின்னு வெளிய சொல்லிராத."

பேருந்து நகர்ந்தபோது சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"அங்க எப்பிடிச் செய்றாகன்னு எனக்கு எழுதுடி."

எழுதினேன். அவள் பதில்களில் அவளைப் பற்றி ஒன்றும் இருக்காது. எந்தக் கம்பி, என்ன தாள் என்று கேள்விகள்தான். கடைசியாக வந்ததில், மழைக்காலத்தில் அங்கே எப்படிக் காயவைக்கிறார்கள் என்று கேட்டிருந்தாள். அதற்கென்று ஒரு சூட்டறை இருக்கிறது என்று, அறையைப் படமும் வரைந்து அனுப்பினேன். பதில் இல்லை.

இன்றும் அந்தச் சூட்டறைக் கதவைத் திறக்கையில் முகத்தில் வெப்பம் அடிக்கும். உள்ளே வரிசையாக மோட்டார்கள். இதில் எதை அவள் முதலில் தொட்டுப் பார்த்திருப்பாள் என்று செத்த நேரம் நின்றுவிடுகிறேன்.