ஒகேனக்கல்லுக்கு ஓர் அமாவாசை

போன வாரம் ஒரு நாள் எங்கள் வீட்டில் அம்மா இல்லை, குழந்தைகளே.

ஒரே ஒரு நாள்தான். அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. மகன் அறிவு சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். மகள் கயல் தானே இரட்டைச் சடை பின்னிக்கொண்டாள் – ஒன்று மேலே, ஒன்று கீழே. நான் வைத்த ரசத்தைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

அம்மா எங்கே போனாள் என்கிறீர்களா? ஒகேனக்கல்லுக்கு. அருவி பார்க்க.

பிள்ளைகளை விட்டுவிட்டா? உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்... நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் குமராட்சிப் பக்கம். கொள்ளிடக் கரை. நான் சிதம்பரம் போகும் மினி பஸ்ஸில் கண்டக்டர். என் மனைவி செல்வி நடவு நடுகிறவள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து போவார்கள். யார் வயலுக்கு என்றைக்கு என்று பேசி வைப்பது செல்விதான்.

எங்கள் ஊரில் மலை கிடையாது. மேடு என்றால் ஆற்றங்கரைதான். நடவுக் காலம் முழுக்க முழங்கால் தண்ணீரில் நிற்பவள் செல்வி. ஆனால் தண்ணீர் மேலேயிருந்து விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் எங்களுக்கு இரண்டே இடம். ஒன்று பம்புசெட் குழாய். இன்னொன்று, மழை நாளில் எங்கள் வீட்டுக் கூரை!

கல்யாணமான புதிதில் உரக்கடை காலண்டரில் ஒகேனக்கல் படம் வந்தது. வருஷம் முடிந்ததும் அவள் தேதியைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் அடுப்படியில் ஒட்டினாள். சுவர் விரிசலை மறைக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எத்தனையோ வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கயல்தான் ஒரு நாள் கேட்டாள்.

"யம்மா, நீ இங்க போயிருக்கியா?"

"நான் எங்கடி போறது?"

"போவணும்னு ஆசையா?"

செல்வி குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அதுக்குக் கீழ நின்னா மூச்சு முட்டுமாம்டி" என்றாள். ஆசை இருக்கிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

அன்றைக்கே பிளான் போட ஆரம்பித்தோம். என் மச்சான் ரவி – செல்வியின் தம்பி – ஸ்ரீமுஷ்ணத்தில் வேன் ஓட்டுகிறான். சாயங்காலம் கிளம்பினால் விருத்தாசலம், சேலம், தருமபுரி என்று போய் விடியும்போது அருவியில் நிற்கலாம். பகல் முழுக்கக் குளியல். பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடலாம்.

முதலில் மே மாத லீவில் போவதாக இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் ரவி அந்தப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவரை விசாரித்துவிட்டு வந்தான்.

"மாமா, இப்ப போனா பாறையதான் பாத்துட்டு வரணும். தண்ணி நம்ம தெருக்கொழா மாதிரி வருதாம்."

"பாறையாவது பாப்பமே மாமா" என்றான் அறிவு.

"பாறைக்கு எதுக்குடா வேனு?" என்று செல்வி சிரித்தாள். சிரித்தாள்தான்... ஆனால் எடுத்து வைத்திருந்த பையை மடித்துப் பரண்மேல் போட்டபோது சிரிக்கவில்லை.

சரி, ஆடியில் தண்ணீர் வரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடலாம் என்றேன். வந்தது. சும்மா வரவில்லை – கர்நாடகத்தில் மழை கொட்டி, அணையெல்லாம் நிரம்பி, ஒரேயடியாக வந்தது! புளிச்சோறு யார், முறுக்கு யார், வேனில் ஜன்னலோரம் யார் என்று எல்லாம் முடிவான பிறகு டிவியில் சொன்னார்கள்: ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை. பரிசல் ஓட்டத் தடை.

அடுத்த நாளே எங்கள் தெருவில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கொள்ளிடக் கரையோரம் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டுமாம்.

வேடிக்கையைப் பார்த்தீர்களா? எந்தத் தண்ணீரைப் பார்க்க நாங்கள் கிளம்பினோமோ, அந்தத் தண்ணீர் எங்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

நல்லவேளை, கரை தாங்கியது. நாங்கள் எல்லோரும் போய் நின்று பார்த்தோம். டீ நிறத்தில், கரைக்குக் கரை, வாழை மரத்தையும் வைக்கோலையும் இழுத்துக்கொண்டு ஆறு போனது.

"பாரு செல்வி... அங்க விழுந்த அதே தண்ணிதான். நாம போவலன்னு அதுவே நம்மள தேடி வந்துடுச்சி" என்றேன். சமாதானம் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விழுந்து முடிஞ்சில்ல வருது? கல்யாணம் முடிஞ்சி பந்தல் பிரிக்கிறப்ப கூப்புட்ட மாதிரி இருக்கு. விழறப்ப பாக்கணுங்க."

திரும்பி நடக்கும்போது அவளே சொன்னாள். "விடுங்க. தண்ணி இருந்தா எனக்கு வேல இருக்கும். வேல இல்லாதப்ப தண்ணி இருக்காது. எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவராது."

கயல் அதைக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்திருக்கிறாள்.

வெள்ளம் வடிந்தது. நாற்று வளர்ந்தது. நடவு ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் கயல் தினசரிக் காலண்டர் முன்னால் நின்று தாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அமாவாசைக்கு நடவு கெடையாதுல்ல?"

எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள், நட மாட்டார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் அன்றைக்கு ஓய்வு.

"அன்னிக்கி தண்ணி இருக்கும். வேல இருக்காது. அப்ப அம்மா போவலாம்ல?"

அந்தக் காலண்டரில் தினமும் தாள் கிழிப்பவன் நான். எனக்குத் தோன்றியதா?

செய்தி பரவியது. "புடிச்சிட்டா பாருங்க மாமா உங்க பொண்ணு!" என்று ரவி போனிலேயே கத்தினான். "ஏன், நாங்க மட்டும் அருவியிலயே பொறந்து வளந்தமா? எங்களுக்கும் எடம் போடு" என்று நடவுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வேன் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் அறிவு பள்ளிக்கூடத்திலிருந்து காலாண்டுத் தேர்வு டைம்டேபிளைக் கொண்டுவந்தான். அமாவாசையன்று அவனுக்குத் தமிழ். கயலுக்குக் கணக்கு.

"அப்ப வேணாம்" என்றாள் செல்வி. "புள்ளைங்க இல்லாம எனக்கு என்ன அருவி?"

"அடுத்த அமாவாசைக்குப் போயிக்கலாம்" என்றேன்.

"அதுக்குள்ள ஐப்பசி மழ புடிச்சிக்கும். இந்த வருஷம் பாத்த வெள்ளம் போதும்."

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடுப்பா" என்று அறிவு அழ ஆரம்பித்தான். முன் சீட்டு கயலுக்கென்று ரவி சொல்லி வைத்திருந்தான். அதற்காகவே ஒரு தொப்பியை எடுத்து வைத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீ போயிட்டு வாம்மா."

"ஏண்டி?"

"நாங்க பெரியவங்களானா நாங்களே போயிக்குவோம். உன்ன யாரு கூட்டிட்டுப் போவா?"

கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

"நான் இருந்து பாத்துக்குறேன், நீ போ" என்று மட்டும் சொன்னேன்.

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் பயமே!"

போனாள். வேன் நகர்கிற வரைக்கும் ஜன்னல் வழியாக மிளகுத்தூள் எந்த டப்பா, அறிவுக்கு எந்தச் சட்டை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேன் திரும்பியதும் கயல் உள்ளே போய்க் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். எத்தனை கணக்கு போட்டாள் என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் பரீட்சை முடிந்து இருவரும் வீட்டுக்கு வந்த நேரம், செல்போன் அடித்தது. ரவி.

"மாமா... புள்ளைங்ககிட்ட குடுங்க... கேக்க சொல்லுங்க!"

அதற்குமேல் அவன் பேச்சு புரியவில்லை. ஒரே இரைச்சல். பிள்ளைகள் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து அந்தச் சின்ன போனில் காதை ஒட்டிக்கொண்டார்கள். நடவுப் பெண்களின் கூச்சலும் சிரிப்பும் இடையிடையே வந்தன.

"யம்மா! கணக்கு ஈசிம்மா!" என்று கயல் கத்தினாள். பதில் இல்லை.

நான் வாங்கி, "அக்கா எங்க மச்சான்?" என்றேன்.

"எங்க வருது மாமா? காலையில எறங்குச்சி. கூப்புட்டா 'இரு, இரு'ங்குது!"

போனை மறுபடியும் கயல் பிடுங்கிக்கொண்டாள். ரவி அதை அருவிப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். இரைச்சல் பெரிதானது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

அறிவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா நம்மள மறந்துடுச்சாப்பா?"

கண்ணைத் திறக்காமலே கயல் சொன்னாள்: "மறக்கட்டும்டா. ஒரு நாளுதான?"

இன்றைக்கு உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள் – உனக்கு எங்கே போக ஆசை என்று. "எனக்கென்ன ஆசை" என்பாள். நம்பாதீர்கள்... இன்னொரு தடவை கேளுங்கள்.